‘நீங்களும் அப்படித்தானே சொல்வீங்க?’: மகன் மறைத்த முதுகுவலியும் ஒரு ரசிகரின் கேள்விகளும்

சேலம் மாவட்டத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் 46 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 17 வயது. வலக்கை வேகப்பந்து வீச்சாளன். மாவட்ட அளவில் பெயர் எடுத்தவன். மூன்று மாதங்களாகப் பையன் ஷூ லேஸ் கட்டும்போது குனியாமல், வாசல் திண்ணையின் மேல் காலைத் தூக்கி வைத்துக் கட்டுவதை அப்பா பார்த்திருக்கிறார். ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக் கேலியும் செய்திருக்கிறார். ஒருநாள் பயிற்சி முடிந்து வண்டியில் பின்னால் ஏற முடியாமல் அவன் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பில் இடப்பக்கம் ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், அதாவது முறிவுக் கோடு இன்னும் விழாத, ஆனால் விழக் காத்திருக்கும் எலும்புக் காயம் என்று வந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மகன் சொன்ன பதில்: “சொன்னா, பும்ராவச் சொன்ன மாதிரிதானே என்னையும் சொல்வீங்க?”

இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டும் ஆடிய 2025 இங்கிலாந்துத் தொடரின்போது, வீட்டிலும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், “முதுகு முதுகுன்னு மூணு மேட்சோட நிறுத்திக்கிட்டான், சிராஜைப் பாரு, அஞ்சும் போட்டான், ஐபிஎல் வந்தா மட்டும் முதுகு சரியாயிடும்” என்று தான் பேசியதை அப்பா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் கேட்பவை நான்கு: நட்சத்திர வீரர்களின் காயத்தைச் சந்தேகிப்பது அவ்வளவு பெரிய தவறா? உடைந்த காலோடு இந்திய விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் ஆடவில்லையா, வலியைத் தாங்குவதுதானே விளையாட்டு? ஐந்து வாரத்தில் வரும் அணித் தேர்வுக்கு, பயிற்சியாளர் சொல்வதுபோல் டேப் ஒட்டி, மாத்திரை போட்டு அனுப்பலாமா? ஸ்கேன் ரிப்போர்ட் அகாடமி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் யூடியூப் சானல் ஒன்று ‘நட்சத்திரப் பந்துவீச்சாளரின் எதிர்காலம் முடிந்ததா?’ என்று வீடியோ போட்டுவிட்டது. அதற்கு என்ன செய்வது?

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் கேட்டவற்றில் ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாள் கடத்த முடியாது. தேர்வுக்குப் பந்து வீச அனுப்பாதீர்கள். டேப் தோலைத்தான் பிடிக்கும், எலும்பைப் பிடிக்காது. மாத்திரை வலியை மறைக்கும். இந்தக் காயத்தில் எலும்பு எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதை மைதானத்தில் உங்கள் மகனுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வலிதான். அதன் வாயைக் கட்டிவிட்டு ஓடவிடுவது, எண்ணெய் குறைவதை எச்சரிக்கும் விளக்கு எரிகிறதே என்று அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு லாரி ஓட்டுவது போன்றது.

வலக்கை வீச்சாளனுக்கு இடப்பக்கம் ஏன் வலிக்கிறது என்று வியந்திருக்கிறீர்கள். அதுதான் வழக்கம். பந்தை விடும் கணத்தில் முன்கால் தரையில் அறையும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. முள்ளெலும்பின் பின்பகுதியில் மெல்லிய பாலம்போல் இருக்கும் எலும்பு அந்த நெரிசலை ஓவருக்கு ஆறு முறை வாங்கிக்கொள்கிறது. 17 வயதில் அந்த எலும்பு முழுதாக முதிர்ந்திருப்பதில்லை. தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது; அதனால்தான் உங்கள் மகனுக்கு முதலில் எடுத்த எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்தது. அதைக் காட்டி “ஒண்ணுமில்லை, பிடிப்புதான்” என்ற பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் சொன்னார்.

பும்ராவைப் பற்றி நீங்கள் நம்பியது

இதே காயத்தின் மூத்த அண்ணன்தான் பும்ராவுடையது. 2019இல் முதல் தடவை கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் முறிவு, அதாவது அந்தக் கோடு விழுந்தேவிட்ட நிலை. 2022இல் மீண்டும் முதுகு. ஆசியக் கோப்பை போயிற்று. செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு டி20 ஆடினார். உடனே மறுபடியும் வெளியே, உலகக் கோப்பையும் போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில் அயர்லாந்துத் தொடருக்குத்தான் திரும்ப முடிந்தது. ‘நாட்டுக்கு ஓய்வு, ஐபிஎல்லுக்கு உடம்பு’ என்று மீம் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: அதே முதுகுக்காக 2023 ஐபிஎல் முழுவதையும் அவர் இழந்தார், 2025 ஐபிஎல்லிலும் மும்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் இல்லை. உங்கள் குற்றச்சாட்டு இந்தத் தேதிகளோடு ஒத்துப்போகவில்லை.

உங்களை நான் தனியாகக் கூண்டில் நிறுத்தவில்லை. 2025 ஜனவரி 4ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டுக்கு நடுவே பும்ரா காரில் ஏறி ஸ்கேனுக்குப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளாக முதுகுகளைப் பார்த்துவரும் நானே “இன்னைக்கா?” என்றுதான் கத்தினேன். அந்தத் தொடரில் 32 விக்கெட் எடுத்த மனிதர் அவர். அவருக்கு வலிக்கிறதா என்பது என் இரண்டாவது எண்ணமாகத்தான் வந்தது. ரசிகனின் மனம் அப்படித்தான் இயங்குகிறது. தோற்றால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கிறார். காயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. எனவே காயம்பட்டவரையே ஆளாக்கிவிடுகிறோம். முதுகுவலியில் இன்னொரு வசதியும் இருக்கிறது: கட்டு இல்லை, ரத்தம் இல்லை, நொண்டல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வலியை நம்பாமலிருக்க அதிக முயற்சி தேவைப்படுவதில்லை. மருமகள்களின் இடுப்புவலியை நம் வீடுகள் எப்படி நடத்தின என்று யோசித்தால் இது புரியும்.

ஊடகங்கள் இந்த இடைவெளியில்தான் பிழைப்பு நடத்துகின்றன. சிட்னிக்கும், சாம்பியன்ஸ் டிராபியில் பும்ரா இல்லை என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்த பிப்ரவரி 11க்கும் நடுவே ஐந்து வாரங்களுக்கு மேல் இருந்தன. எலும்பு ஆறுவதற்கு அது குறைந்த காலம். செய்திக்கோ மிக நீண்ட காலம். தினமும் ஒரு ‘வட்டாரத் தகவல்’ வந்தது; அவர் படுக்கையில் கிடக்கிறார் என்றார்கள்; பொய்ச் செய்தி பரப்புவது எளிது, இது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது என்ற பொருளில் அவரே எக்ஸ் தளத்தில் எழுத வேண்டியதாயிற்று. மார்ச்சில் இந்தியா கோப்பையை வென்றதும், அவரைப் பற்றிய கவலை ஒரே இரவில் தீர்ந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சக வேகப்பந்து வீச்சாளர் சிராஜோடு ஒப்பிட்டது. இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டிலும் 185 ஓவருக்கு மேல் வீசி 23 விக்கெட் எடுத்தது மகத்தான உழைப்பு; அதில் இரண்டு கருத்துக்கே இடமில்லை. பும்ரா ஆடாத பர்மிங்காம், ஓவல் ஆகிய இரண்டு டெஸ்டுகளில் மட்டுமே இந்தியா வென்றது என்பதும் உண்மை. ஆனால் மூன்று டெஸ்ட்தான் என்பது தொடர் தொடங்கும் முன்பே சொல்லப்பட்ட திட்டம், நடுவில் கழன்றுகொண்டதல்ல. மேலும், அறுவைச் சிகிச்சை கண்ட முதுகையும், வேறொரு வீச்சு அசைவு கொண்ட முதுகையும் ஒரே தராசில் வைப்பது எந்த மருத்துவனும் செய்யாத காரியம். உங்கள் பட்டறையில் இரண்டு பேருக்குக் கண்பார்வை ஒன்றுபோலவா இருக்கிறது? ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேல் பற்றவைப்பு வேலை பார்க்கமாட்டார் என்றால், அவரைச் சோம்பேறி என்பீர்களா?

சந்தேகம் வெறும் பேச்சோடு நிற்பதில்லை என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2019 மே மாதம் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்டுக்குக் கெண்டைக்கால் தசையில் காயம். ஒரு மாதம் ஆடவில்லை. அணி இறுதிச் சுற்றில் தோற்றுக்கொண்டிருந்தது. எப்போது வருவார், ஏன் வரவில்லை என்ற கேள்வி நாளுக்கு நாள் வலுத்தது. ஜூன் 10 அன்று டொரன்டோவில் இறங்கினார். இரண்டாம் கால்பகுதியிலேயே குதிகால் நாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் போயிற்று. அவர் தரையில் உட்கார்ந்தபோது எதிரணி ரசிகர்களில் ஒரு பகுதியினர் கைதட்டினார்கள். டொரன்டோ வீரர்களே திரும்பி நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்கள். யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள் என்று அணியின் தலைமை நிர்வாகி கண்ணீரோடு பேசினார். கூச்சலால்தான் டுரான்ட் இறங்கினார் என்று நான் சொல்லமாட்டேன். அது அவருக்கும் அவருடைய மருத்துவர்களுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பையன் எதனால் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவனே சொல்லிவிட்டான். பும்ராவின் காதில் உங்கள் பேச்சு விழவில்லை. பக்கத்து அறையில் இருந்தவன் காதில் விழுந்தது.

உடைந்த காலோடு ஆடியவர்கள்

2021 சிட்னி டெஸ்டில் அஸ்வினும் விஹாரியும் காயத்தோடு மட்டை பிடித்து நின்ற கதையை மகனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அஸ்வினால் அன்று குனிந்து ஷூ லேஸ்கூடக் கட்ட முடியவில்லை என்பதை அவர் மனைவி சொல்லித்தான் நமக்குத் தெரியும். அதை வீரம் என்று கேட்டு வளர்ந்த பையன் திண்ணையில் காலை வைத்து லேஸ் கட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்தக் கதைகள் பொய்யல்ல. 2002இல் ஆன்டிகுவாவில் தாடை உடைந்த கும்ப்ளே முகத்தில் கட்டோடு 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்தினார். 2025இல் மான்செஸ்டரில் இங்கிலாந்து வீச்சாளர் வோக்ஸின் பந்து பட்டுக் காலில் எலும்பு முறிந்த பந்த், மறுநாள் நொண்டியபடி படியிறங்கி வந்து அரைச்சதத்தை முடித்தார். அடுத்த டெஸ்டில் அதே வோக்ஸ் தோள் நழுவிய கையைத் தூளியில் போட்டுக்கொண்டு ஸ்வெட்டருக்குள் மறைத்தபடி மட்டையோடு நடந்துவந்தார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் தொலைக்காட்சி அந்தப் படியிறக்கத்தைத்தான் நூறு தடவை காட்டும். அதற்குப் பிந்தைய வாரங்களைக் காட்டாது. கும்ப்ளே அடுத்து விமானம் ஏறியது தாடை அறுவைச் சிகிச்சைக்கு. விஹாரிக்குத் தொடைத் தசைக் கிழிசலால் பிரிஸ்பேன் டெஸ்ட் போயிற்று. பந்த் அந்த ஆட்டத்தில் விக்கெட் காக்கவில்லை, ஜுரெல் காத்தார். ஓவல் டெஸ்டுக்கு அவருக்குப் பதிலாக நம்ம தமிழ்நாட்டு ஜெகதீசனை அழைத்தார்கள். பந்த் மறுபடி களமிறங்க அக்டோபர் கடைசி ஆயிற்று.

அவர்கள் வளர்ந்தவர்கள், காயம் என்ன என்று தெரிந்து, மருத்துவர் அருகில் இருக்க, ஒரு நாளுக்காக எடுத்த முடிவு அது. பந்து பட்டு முறிந்த எலும்பு வேறு; தினமும் வீசுவதாலேயே அரிக்கப்படும் எலும்பு வேறு. இரண்டாவதில் தாங்கிக்கொண்டு வீசுவதே நோய். உங்கள் மகன் பார்க்க வேண்டிய கதை ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸுடையது. 2011 நவம்பரில் ஜொகனஸ்பர்க்கில், 18 வயதில், முதல் டெஸ்டிலேயே ஏழு விக்கெட். அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில். நடுவில் போன ஐந்தாண்டுகளுக்கு மேலான காலத்தில் பெரும்பகுதியை முதுகின் ஸ்ட்ரெஸ் காயங்கள் தின்றன. பிறகு அவர்தான் ஆஸ்திரேலியாவின் கேப்டன் ஆனார்.

ஐந்து வாரத்தில் வரும் தேர்வு

உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள். டேப் ஒட்டி அனுப்புவதை மேலேயே தள்ளிவிட்டேன். இரண்டாவது, பேட்ஸ்மேனாக மட்டும் அனுப்புவது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புல் ஷாட்டிலும் டைவிலும் அதே முதுகு வளைந்து திரும்புகிறது. அவனைப் பார்க்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய வேண்டாம். மூன்றாவது, தேர்வுக் குழுவுக்கு மருத்துவச் சான்றோடு, இந்தப் பருவம் விளையாட இயலாது என்று நேராகத் தெரிவிப்பது. இதைச் செய்தால் ‘காயப் பையன்’ என்று முத்திரை விழும் என்று பயப்படுகிறீர்கள். விழலாம், மறுக்கமாட்டேன். ஆனால் தேர்வில் நான்காவது ஓவரில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய முத்திரை விழும், கூடவே முறிவுக் கோடும் விழும். அண்டர்-19க்கு அடுத்த பருவமும் அவனுக்கு வயது இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குணமாவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். வலி போன நாள் பந்து எடுக்கும் நாள் அல்ல. வலி எலும்புக்கு முன்னாலேயே போய்விடும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பையன்கள் இரண்டாம் தடவை உடைகிறார்கள். வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு மருத்துவம் படித்த ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் முதல் மருத்துவருக்கு அவமரியாதை எதுவும் இல்லை. காலில் மரத்துப்போதல், கால் பலவீனம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவன் எத்தனை ஓவர் வீசினான் என்று யாரும் எண்ணவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை கிளப். மூன்று பயிற்சியாளர்களும் தங்கள் ஓவர்களை மட்டும் கணக்கில் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 17 வயது வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில், 7 ஓவர், ஒரு நாளில் 18 ஓவர் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரே நோட்டு போடுங்கள். அதை அவனே எழுதட்டும்.

வாட்ஸ்அப்பில் போன ரிப்போர்ட்

ஸ்கேன் மையத்திலிருந்து கசிந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. கசிந்திருந்தால் புகார் செய்யலாம். ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பியது நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து குழுவுக்குப் போயிருக்கிறது. எனவே வக்கீல் நோட்டீஸுக்கு முன், அகாடமி நிர்வாகத்திடம் நேரில் பேசி அதை நீக்கச் சொல்லுங்கள். யூடியூப் சானலுக்கு, மகன் மைனர், பெற்றோர் அனுமதி இல்லாமல் மருத்துவ விவரம் வெளியிடப்பட்டிருக்கிறது, வீடியோவை எடுங்கள் என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள்; அந்த வீடியோவின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்; தளத்திலும் தனியுரிமைப் புகார் பதிவு செய்யுங்கள். எடுக்க மறுத்தால் அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தச் சானல்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே கார் விபத்தில் அடிபட்ட பந்தின் ரத்தம் தோய்ந்த முகத்தைப் பெரிய தொலைக்காட்சிகளே மறைக்காமல் காட்டின. பத்து நாளில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதைச் சுட்டி எல்லாச் சானல்களுக்கும் அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. மருத்துவமனையில் பார்க்க வந்த பிரமுகர் கூட்டத்தால் அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்றும் அப்போது சொன்னார்கள். உங்கள் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருபவர்களையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

மகனிடம் பேசுவது

மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் அப்பா என்ற மரியாதை போய்விடுமா என்று தயங்கியிருக்கிறீர்கள். போகாது. ஆனால் சுருக்கமாகக் கேளுங்கள். “பும்ராவைப் பற்றித் தெரியாம பேசிட்டேன். உனக்கு வலிக்குதுன்னா நான் நம்புவேன்” என்பது போதும். அதோடு, பும்ரா எப்படி மீண்டு வந்தார், பந்த் விபத்துக்குப் பின் சேப்பாக்கத்தில் எப்படி 109 அடித்தார் என்றெல்லாம் அடுக்காதீர்கள். 2024 செப்டம்பரில் அந்தச் சதம் அடித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் வலியில் கிடக்கும் பையனுக்கு மீண்டவர்களின் கதை பல நேரம் இன்னொரு கெடுவாகத்தான் கேட்கும். ஆறு மாதத்தில் அவனும் கதையாக வேண்டுமே!

நண்பர்கள் குழுவில் மறுபடி யாராவது ஒரு வீரரின் காயத்தைக் கிண்டல் செய்தால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. சிரிப்புப் பொம்மை போடாமல் இருந்தால் போதும். மகனும் அந்தக் குழுவில் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே. ‘எப்ப திரும்பி வருவான்?’ என்று கேட்பவர்களுக்கு மாதக் கணக்கு சொல்லாதீர்கள். டாக்டர் சொல்லும்போது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆறு வாரத்தில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? அன்றைக்கு மருத்துவர் அறைக்குள் முதல் பத்து நிமிடம் அவன் மட்டும் போகட்டும். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதை உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவன் சொல்லட்டும். நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள்.